ஹீட்டர் போட்டதும் காணாமல் போகும் ஒன்பது வோல்ட்

குளியலறை கெய்சரின் பிளக்கை உருவிப் பார்த்தால் பின்களில் ஒன்று மட்டும் கறுத்திருக்கும். அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறி, மீன் கருகியதுபோல ஒரு வாடை அடிக்கும். சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்தால் 228 வோல்ட் காட்டும். நியான் டெஸ்டர் பளிச்சென்று எரியும். கெய்சர் காயிலைத் தனியாக அளந்தால் 26 ஓம், 2000 வாட் காயிலுக்கு இருக்க வேண்டிய அளவுதான். அளந்தது எல்லாமே சரியாக இருக்கிறது. ஆனாலும் பின் கருகுகிறது, தண்ணீர் சூடாகவும் நேரமாகிறது.

பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வேலை தவறான பக்கம் திரும்புகிறது. கெய்சரை மாற்றுவார்கள், இல்லையென்றால் பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் போவார்கள். புதுப் பிளக்கும் சில மாதத்தில் கறுக்கும்.

கணக்கு என்னவோ பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது தடை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். இதிலிருந்தே மற்ற இரண்டும் வந்துவிடும்: ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்கினாலும் வாட், வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தாலும் வாட். சூத்திரத்தை யாரும் மறப்பதில்லை. அதில் போடும் வோல்ட் எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளந்தது என்பதைத்தான் கவனிக்க மறக்கிறோம். காயிலின் தடை வேண்டுமென்றால் காயிலின் இரண்டு முனைக்கு நடுவே உள்ள வோல்ட்டைப் போட வேண்டும். ஜாயிண்டின் தடை வேண்டுமென்றால் அந்த ஜாயிண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள வோல்ட். எல்லாவற்றுக்கும் 230-ஐப் போட்டால் விடை ஏதோ ஒன்று வரும், ஆனால் அது எந்தப் பொருளின் தடையும் அல்ல.

கருகும் பிளக்குக்குத் திரும்புவோம். ஹீட்டரை, அதாவது கெய்சரை, அணைத்துவிட்டு அளந்தபோது 228. ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் டெர்மினலில் அளந்தால் 219. ஒன்பது வோல்ட் வழியில் தங்கிவிட்டது. காயில் 26.45 ஓம், எனவே ஓடும் கரண்ட் 219 ÷ 26.45 = 8.28 ஆம்பியர். வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டர் இருந்தால் நேராகவே பார்த்துக்கொள்ளலாம். ஹீட்டருக்குக் கிடைப்பது 219 × 8.28, சுமார் 1813 வாட். வழியில் போவது 9 × 8.28, சுமார் 75 வாட். வழி முழுவதற்குமான தடை 9 ÷ 8.28 = 1.09 ஓம்.

இந்த 75 வாட்டும் ஓர் இடத்தில் போகவில்லை. வயரெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும், அதில் தவறில்லை. எனவே அடுத்து, வீட்டின் வயர்களெல்லாம் பிரியும் டிபி பெட்டியில், எம்சிபிக்கு (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்சுக்கு) மேல்பக்கத்தில், அதே ஹீட்டரைப் போட்டும் அணைத்தும் பாருங்கள். 228-லிருந்து 225-க்கு இறங்கினால் மூன்று வோல்ட் வீட்டுக்கு வெளியே, சர்வீஸ் வயரிலும் தெரு லைனிலும் போகிறது. மீதி ஆறு வோல்ட் வீட்டுக்குள். 6 ÷ 8.28 = 0.72 ஓம்.

டிபியிலிருந்து குளியலறைக்கு 18 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக 18, வர 18, மொத்தம் 36 மீட்டர். கரண்ட் திரும்பி வரும் நியூட்ரலும் வயர்தான், அதற்கும் தடை உண்டு. ஒருவழி நீளத்தை மட்டும் போட்டுக் கணக்கைப் பாதியாக்குவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ரெண்டரை ஸ்கொயர் (2.5 சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர் கிலோமீட்டருக்கு 8 ஓம். 36 மீட்டருக்கு 0.29 ஓம். ஆக, வயர் பெயரில் எழுத முடியாத 0.43 ஓம் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. 8.28-ன் வர்க்கம் 68.6, அதை 0.43-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 30 வாட்.

30 வாட் என்றால் எவ்வளவு? ரேடியோ பழுதுபார்க்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். ஈயத்தை நொடியில் உருக்கும் அந்தச் சூட்டைவிட அதிகமான சூடு, ஒரு பிளக் பின்னும் சாக்கெட் ஸ்லீவும் தொட்டுக்கொள்ளும் பட்டாணி அளவு இடத்தில், மூடிய பெட்டிக்குள் உட்காருகிறது. பிளாஸ்டிக் கருகாமல் என்ன செய்யும்?

இங்கே ஒரு குழப்பம் வரும், அதைத் தீர்த்துக்கொண்டு போவது நல்லது. தடை குறைந்தால் சூடு கூடும் என்கிறார்கள், தடை கூடினால் சூடு கூடும் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை, இடம்தான் வேறு. ஹீட்டர் காயிலுக்குக் கிடைக்கும் வோல்ட்டை லைன் தீர்மானிக்கிறது. அங்கே தடை குறைந்தால் கரண்ட் கூடும், வாட் கூடும். லூஸ் ஜாயிண்டிலோ ஓடும் கரண்ட்டை ஹீட்டர் தீர்மானிக்கிறது, ஜாயிண்டுக்கு அதில் பெரிய பேச்சில்லை. அங்கே தடை கூடக்கூடச் சூடு கூடும். 230 வோல்ட்டில் இதே காயிலோடு 0.1 ஓம் ஜாயிண்ட் இருந்தால் அதில் சுமார் 7.5 வாட், 0.5 ஓம் என்றால் 36 வாட், 1 ஓம் என்றால் 70 வாட். ஹீட்டர் ஓடும் கரண்ட் இதற்குள் 8.7-லிருந்து 8.4-க்குத்தான் இறங்கியிருக்கும். எம்சிபி கரண்ட்டைத்தான் பார்க்கிறது. கரண்ட் கூடவில்லை, குறைந்தேதான் இருக்கிறது. எனவே லூஸ் காண்டாக்ட்டில் பெட்டியே எரிந்தாலும் எம்சிபி விழாது. ‘எம்சிபி இருக்கிறதே’ என்ற தைரியம் இந்தப் பழுதுக்குப் பொருந்தாது.

இந்த 0.43 ஓமை மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் ஏன் பிடிக்க முடிவதில்லை? இரண்டு புரோப்பையும் ஒன்றோடொன்று முட்டி 200 ஓம் ரேஞ்சில் பாருங்கள். 0.3 அல்லது 0.5 காட்டும், அதுவும் நிலையாக நிற்காது. தேடும் பொருளைவிடத் தேடும் கருவியின் வயர் பெரியது. டெஸ்டரும் துணைக்கு வராது. அதற்குள் ஏறக்குறைய ஒரு மெகா ஓம் தடை இருக்கிறது, நியான் எரிய மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கரண்ட் போதும். நூல் அளவு தொட்டுக்கொண்டிருக்கும் கம்பி வழியாகவும் அது பளிச்சென்று எரியும். லோடு இல்லாமல், அதாவது சாதனம் எதையும் ஓட்டாமல், அளக்கும் வோல்ட்டும் அப்படித்தான்: கரண்ட் ஓடாவிட்டால் டிராப் (வழியில் தங்கும் வோல்ட்) இல்லை, டிராப் இல்லாவிட்டால் பழுது தெரியாது.

ஆகவே லோடு போட்டுத்தான் அளக்க வேண்டும். அதிலும் இரண்டு விஷயங்களில் ஏமாறலாம். சாதாரண மஞ்சள் மீட்டரில் ஏசி 750 ரேஞ்சில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே தெரியாது. ஒன்பது என்று கிடைப்பது எட்டாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். அடுத்தது, லைனே ஆடும். நீங்கள் ஹீட்டரைப் போடும் அதே நொடியில் பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் கணக்கு கெட்டது. 1826-ல் ஜார்ஜ் சைமன் ஓம் சோதனை செய்தபோது அவரையும் படுத்தியது இதே தொல்லைதான். அன்றைய மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்காததால், ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் இருக்கும் வெப்ப இரட்டையை (முனைகளின் சூட்டு வித்தியாசத்தால் மின்சாரம் தரும் இரு உலோக இணைப்பை) மூலமாக வைத்துக்கொண்டுதான் அவரால் விதியைப் பிடிக்க முடிந்தது. நமக்குப் பனிக்கட்டி வேண்டாம். போட்டு, அணைத்து, மறுபடி போட்டு ஐந்து முறை எழுதிக்கொண்டு சராசரி பாருங்கள். லோடும் பெரிதாக இருக்கட்டும். 1000 வாட் அயர்ன் பாக்ஸில் 4.3 ஆம்பியர்தான் ஓடும், டிராப் பாதியாகும். எல்இடி பல்பை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது.

எந்த ஜாயிண்ட் என்று கண்டுபிடிக்க லைன் இருக்கும்போது புரோப்பை உள்ளே விடுவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. இதை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். மெயினை இறக்குங்கள். டிபியில் அந்த சர்க்யூட்டின் ஃபேஸ் வயரையும் நியூட்ரல் வயரையும் கழற்றித் தனியாக்குங்கள். கெய்சர் பிளக்குக்குப் பதில், ஃபேஸ் பின்னையும் நியூட்ரல் பின்னையும் உள்ளுக்குள் தடித்த வயரால் இணைத்த ஒரு பழைய 16 ஆம்பியர் பிளக்கைச் சாக்கெட்டில் சொருகி, சுவிட்சை ஆன் நிலையில் வையுங்கள். டிபி பக்கத்தில் 12 வோல்ட் பேட்டரி ஒன்றை, 21 வாட் வண்டி பல்பு வழியாக, அந்த இரண்டு வயரிலும் இணையுங்கள். பல்பு எரியும், சுமார் 1.6 ஆம்பியர் சுற்றி ஓடும். அதை மீட்டரின் 10 ஆம்பியர் டிசி துளையில் ஒருமுறை அளந்து எழுதிக்கொண்டு, புரோப்பை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள்.

இனி டிசி மில்லிவோல்ட்டில் ஒவ்வொரு ஜாயிண்டாகத் தொட்டுப் போகலாம். சாக்கெட் ஸ்லீவுக்கும் பின்னுக்கும் நடுவே, சுவிட்சின் இரண்டு டெர்மினலுக்கு நடுவே, ஜங்ஷன் பெட்டியில் முறுக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். நல்ல காண்டாக்ட் 5, 10 மில்லிவோல்ட்டுக்குள் நிற்கும். கெட்டது 600, 700 மில்லிவோல்ட் என்று தனியாகத் தெரியும். 690 மில்லிவோல்ட்டை 1.6 ஆம்பியரால் வகுங்கள், 0.43 ஓம். ஓம் ரேஞ்சால் முடியாததை அதே மலிவு மீட்டர் செய்துவிடுகிறது, காரணம் இப்போது புரோப்பின் வயரில் கரண்ட் ஓடவில்லை. புரோப்பை எப்போதும் பேட்டரி கிளிப்புக்கு உள்பக்கம் வையுங்கள், இல்லையென்றால் கிளிப்பின் தடையும் சேர்ந்துவிடும். அந்த ஷார்ட் பிளக்கில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். அந்தப் பிளக்கை எடுக்காமல் மெயினைப் போடக் கூடாது. டெர்மினலில் பச்சையோ கறுப்போ ஏறியிருந்தால் ஸ்க்ரூவை மட்டும் இறுக்கிப் பயனில்லை. கறுத்த முனையை வெட்டி, புதுச் செம்பு தெரியச் சீவி மாட்டுங்கள். சூட்டில் தளர்ந்த சாக்கெட் ஸ்லீவின் பிடிப்பு திரும்ப வராது, சாக்கெட்டையே மாற்றுங்கள், பிளக்கை மட்டும் அல்ல.

மீட்டர் துளையைப் பற்றி இன்னொரு வார்த்தை. சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது சாக்கெட்டில் வோல்ட் பார்க்கப் போனால் அது நேர் ஷார்ட். மலிவு மீட்டரில் அந்தத் துளைக்கு ஃபியூஸும் இருக்காது. ஆம்பியர் பார்த்த கையோடு வயரை மாற்றிவிடும் பழக்கம் விரலில் ஏறிவிட வேண்டும். அந்த மீட்டரில் ஏசி ஆம்பியர் அளக்கவும் வசதி கிடையாது, அதற்கு டாங் டெஸ்டர்தான். டாங் டெஸ்டரின் வாய்க்குள் ஒரு வயர் மட்டும் இருக்க வேண்டும். மூன்று வயரும் சேர்ந்த கேபிளைக் கவ்வினால் போகும் கரண்ட்டும் வரும் கரண்ட்டும் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யம் காட்டும். ஒரு அடி எக்ஸ்டென்ஷன் செய்து, மேல் உறையைப் பிரித்து ஃபேஸ் வயரைத் தனி வளையமாக வெளியே விட்டு வைத்துக்கொண்டால் எந்தச் சாதனத்தையும் அளக்கலாம். கரண்ட் சிறிதென்றால் வயரைப் பத்துச் சுற்று சுற்றிக் கவ்விக்கொண்டு, காட்டுவதைப் பத்தால் வகுக்கலாம்.

ஓம் ரேஞ்சில் அளந்து வாட் போடுவது காயிலுக்குச் சரி, பல்புக்குச் சரி அல்ல. 100 வாட் குண்டு பல்பை ஓம் ரேஞ்சில் பார்த்தால் 40 ஓம் அளவில் காட்டும். கணக்குப்படி 1300 வாட் பல்பு! எரியும்போது இழை 2500 டிகிரிக்குப் போய், தடை 529 ஓமுக்கு ஏறிவிடுகிறது. சுவிட்ச் போடும் நொடியில்தான் பல்பு ஃபியூஸ் போவதற்கு இந்தக் குளிர்ந்த 40 ஓம்தான் காரணம், அந்த நொடி ஐந்தரை ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. ஹீட்டரில் இருக்கும் நிக்ரோம் கம்பி அப்படியல்ல. சிவக்கச் சூடானாலும் தடை சில சதவீதமே மாறும். அதனால்தான் கெய்சர் காயிலில் குளிர்ந்த அளவை நம்பிக் கணக்குப் போட முடிகிறது.

வோல்ட் குறையும் ஊர்களில் வாட் எவ்வளவு குறைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வர்க்கத்தில் குறையும். 230-க்கு 2000 வாட் என்றால் 180 வோல்ட்டில் 1225 வாட்தான். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்றக் கணக்குப்படி 18 நிமிடம், 180 வோல்ட்டில் அரை மணி நேரம். கெய்சரில் குறையில்லை. உப்புத் தண்ணீரில் காயில் மேல் படியும் சுண்ணாம்பும் இந்த அளவுகளில் தெரியாது. வோல்ட், ஆம்பியர், ஓம் எதையும் அது மாற்றாது. காயிலின் சூடு வெளியேற விடாமல் அடைத்து, ஒருநாள் உறையையே வெடிக்கவைக்கும். அதைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

திறந்த காயில் அடுப்பில் அறுந்த கம்பியை வெட்டிவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டுவது இன்னும் நடக்கிறது. 1000 வாட் காயிலில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினால் 52.9 ஓம் 42.3 ஆகும், 1250 வாட் ஆகும். ‘பவர் கூடிவிட்டது’ என்று சந்தோஷப்பட வேண்டாம். குறைந்த நீளத்தில் கூடிய வாட், அதாவது ஒவ்வொரு அங்குலமும் முன்னைவிட 56 சதவீதம் அதிகம் எரிகிறது. அடுத்த அறுப்பு சீக்கிரமே வரும்.

மோட்டாருக்கு வந்தால் வகுத்தல் கணக்கை மூட்டை கட்டிவிட வேண்டும். ஒரு எச்பி மோனோபிளாக் பம்ப்செட்டின் ரன்னிங் வைண்டிங் (ஓடும்போது வேலை செய்யும் சுருள்) 3 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 230-ஐ 3-ஆல் வகுத்தால் 77 ஆம்பியர். ஓடும்போது எடுப்பதோ 7 ஆம்பியர். சுழலும் மோட்டார் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது, சுருளின் தூண்டலும் தடுக்கிறது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் 1610-ம் வாட் அல்ல, பவர் ஃபேக்டரால் (அதில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கால்) பெருக்கிய பிறகே வாட். அதைத் தெரிந்துகொள்ள இபி மீட்டரே போதும். முகப்பில் யூனிட்டுக்கு 3200 பல்ஸ் என்பதுபோல எழுதியிருக்கும். மற்ற லோடையெல்லாம் அணைத்துவிட்டு, சிவப்பு விளக்கு 50 முறை மின்ன எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். முதல் மின்னலைப் பூஜ்யம் என்று எண்ணத் தொடங்க வேண்டும். 3200 மீட்டருக்கு 56,250-ஐ அந்த நொடியால் வகுத்தால் உண்மையான வாட். 45 நொடி ஆனால் 1250 வாட்.

ஆனால் மோட்டாருக்குப் போகும் வயருக்கு அதே பழைய கணக்கு முழுசாகப் பொருந்தும், அங்கேதான் அது அதிகம் தேவைப்படுகிறது. கிணறு 60 மீட்டர் தள்ளி இருக்கிறது, ஒன்றரை ஸ்கொயர் வயர் இழுத்திருக்கிறார்கள். 120 மீட்டருக்கு 1.6 ஓம். ஓடும்போது 11 வோல்ட் டிராப், பெரிதாகத் தெரியாது. ஸ்டார்ட் ஆகும்போது ஐந்து மடங்கு, 35 ஆம்பியர் கேட்கும். அப்போது டிராப் 56 வோல்ட், மோட்டாருக்குக் கிடைப்பது சுமார் 172. மோட்டாரைச் சுழற்றும் திருப்புவிசை வோல்ட்டின் வர்க்கத்தில் இறங்குவதால் 57 சதவீதம்தான் மிஞ்சும். மோட்டார் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டு நிற்கும். அப்படிச் சுழலாமல் நிற்கும் நேரமெல்லாம் ஐந்து மடங்கு கரண்ட், சுருளில் 25 மடங்கு சூடு. கபாசிட்டரை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் வைண்டிங் கட்டக் கொண்டுபோவார்கள். நாலு ஸ்கொயர் போட்டால் வயர் 0.6 ஓம், ஸ்டார்ட்டிங் டிராப் 21 வோல்ட், திருப்புவிசை 82 சதவீதம். வயரின் விலை ஒரு ரீவைண்டிங் கூலியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது.

வைண்டிங் எவ்வளவு சூடாகிறது என்பதையும் ஓம் சொல்லும். காலையில் 30 டிகிரியில் 3.0 ஓம், ஒரு மணி நேரம் ஓடி நின்றதும் 3.6 ஓம் என்றால், 3.6-ஐ 3.0-ஆல் வகுத்து, செம்புக்குரிய 234.5-உடன் 30-ஐக் கூட்டியதால் பெருக்கி, 234.5-ஐக் கழியுங்கள். 83 டிகிரி. வெளிக்கூட்டைத் தொட்டுப் பார்ப்பதில் உள்ளே இருக்கும் இந்தச் சூடு தெரியாது. இந்த 0.6 ஓம் வித்தியாசத்தையும் பேட்டரி, பல்பு முறையில் அளந்தால்தான் நம்பலாம்.

கடைசியாக, எல்லோரும் பயப்பட வேண்டிய ஒரு கணக்கு. போஸ்ட்டில் நியூட்ரல் அறுந்தால், வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் இரண்டு வீடுகள், இரண்டு ஃபேஸுக்கு இடையே உள்ள 398 வோல்ட்டுக்கு நடுவே தொடராக மாட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் 2000 வாட் கெய்சர் ஓடுகிறது, 26.45 ஓம். மற்றதில் 100 வாட் அளவுக்குத்தான் லோடு, 529 ஓம். இருவருக்கும் ஓடும் கரண்ட் ஒன்றே, 398 ÷ 555.45 = 0.72 ஆம்பியர். கெய்சர் வீட்டுக்கு 19 வோல்ட், சிறிய லோடு வீட்டுக்கு 379 வோல்ட். மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்திய வீட்டில்தான் டிவியும் ஃபிரிட்ஜும் எரியும். விளக்கு திடீரென்று கண் கூசும்படி எரிந்தாலோ, ஒரு ஃபேஸில் மங்கி இன்னொரு ஃபேஸில் பிரகாசித்தாலோ, மீட்டரைத் தேடாதீர்கள். மெயினை இறக்கிவிட்டு, பக்கத்து வீடுகளுக்கும் குரல் கொடுத்துவிட்டு, பிறகு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.